சிலுவைக்குக் குதிக்கப் போன வாத்தியார்

அந்த ஆண்டு ஆற்றங்கரையில் அரைக்கால் சட்டையோடு நின்றவர்கள் பதினேழு பேரா, பதினெட்டுப் பேரா என்பது எனக்கு இன்றைக்கும் உறுதியாகத் தெரியாது. பனி கொட்டியது என்கிறார்கள் சிலர். எனக்கு என்னவோ வெயில் அடித்ததாகத்தான் நினைவு. கண்ணால் பார்த்ததை நினைவு வைத்திருக்கிறேனா, பிறகு மதுக்கடையில் காதால் கேட்டதை நினைவு வைத்திருக்கிறேனா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆனால் மெத்தோடி வாத்தியார் வாயை விட்டு மாட்டிக்கொண்டது ஒரு வியாழக்கிழமை. அதில் சந்தேகமே இல்லை. வியாழக்கிழமை மட்டும்தான் அந்தக் கடையில் குடல் சூப் போடுவார்கள். அவர் சொன்னதைக் கேட்டு டயர்க்கடை ஸ்டாமெனுக்குப் புரையேறியது குடல் சூப்பில்தான்.

“சரி, நானே குதிக்கிறேன்!”

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்பது வாத்தியாருக்கே உறைத்தது.  அடுப்பில் சூப் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

“நெஜமாவா?” என்றான் ஸ்டாமென், இருமிக்கொண்டே.

“நெஜமாத்தான்.”

மெத்தோடி தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அவருடைய சூப் அப்படியே இருந்தது.

அவர் பள்ளியில் புவியியல் ஆசிரியர். ஐம்பத்துமூன்று வயது. உலகத்தின் பெரிய ஆறுகளின் நீளமெல்லாம் மனப்பாடம். எந்த ஆற்றிலும் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. அவருக்கு நீச்சல் தெரியாது. இது அவருக்கும் அவர் மனைவி பென்காவுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். டான்யூப் ஆற்றங்கரையில் பிறந்த ஆண்பிள்ளை இதை வெளியே சொல்லிக்கொள்ள முடியாது. எங்கள் ஊரில் ஒவ்வொருவனும் இளவயதில் எதிர்க்கரை ருமேனியாவுக்கு நீந்திப் போய், தர்பூசணி திருடித் தின்றுவிட்டு நீந்தியே திரும்பி வந்தவன். கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

அன்று அவர் கடைக்குப் போனது குதிக்க அல்ல, கேட்க.

ஜனவரி ஆறாம் தேதி, யோர்தான் நாள். பாதிரியார் மரச்சிலுவையை ஆற்றில் வீசுவார். ஆண்கள் பாய்ந்து எடுப்பார்கள். எடுத்தவனுக்கு ஆண்டு முழுவதும் நோய் நொடி கிடையாது. அதோடு, சிலுவையைச் செப்புப் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு எடுத்துக்கொண்டு அவன் வீடு வீடாகப் போவான்; ஒவ்வொரு வீட்டிலும் பாத்திரத்தில் காசு போடுவார்கள். பதினோரு ஆண்டுகளாகச் சிலுவை ஸ்டாமென் கையில்தான் சிக்கிக்கொண்டிருந்தது. அந்தக் காசு குதித்தவர்கள் அத்தனை பேரின் தொண்டைக்குள்ளும் ராக்கியா என்ற பழச்சாராயமாக இறங்கிக்கொண்டிருந்தது.

“இந்த வருஷ வசூலைப் பிள்ளைங்களுக்குக் குடுத்துடேன், ஸ்டாமென்” என்று ஆரம்பித்திருந்தார் மெத்தோடி.

“எந்தப் பிள்ளைங்க?”

“கீழ்க்கரைப் பிள்ளைங்க. இருபத்திநாலு பேரு. நீச்சல் வகுப்புக்கு.”

“வாத்தியாரே, ஐஸ் தண்ணியில குதிச்சவனுக்கு உள்ள கொஞ்சம் சூடு வேணாமா? பாவம் பார்க்க மாட்டீங்களா?”

“ஒரே ஒரு வருஷம்.”

“முறைன்னு ஒண்ணு இருக்கு. சிலுவை யார் கையிலயோ, காசு அவன் இஷ்டம். உங்களுக்கு வேணும்னா நீங்க குதிங்க. நாங்க வேணாம்னா சொல்றோம்?”

“வாத்தியாரு குதிக்கிறதுக்கு முன்னாடி ஆத்தோட நீளத்தை நம்ம எல்லாரையும் ஒப்பிக்கச் சொல்லுவாரு” என்றது மூலையிலிருந்து ஒரு குரல். கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் அவர் வாய் தவறியது.

வீட்டில் பென்கா பாலாடைக்கட்டி வைத்து மாவை மடித்துக்கொண்டிருந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். எந்த நோயைக் கேட்டாலும் முகம் மாறாது.

“என்னன்னு சொன்னே?”

“குதிக்கிறேன்னு.”

“எதுல?”

“ஆத்துல.”

பென்கா மாவை மடித்து முடித்தாள். “தலைக்குத் தண்ணி ஊத்தினாலே குளியல் தொட்டியில கத்துற ஆளு நீ.”

“கோபத்துல வந்துடுச்சு.”

“கோபம் வந்தா ஒரு தட்டை உடைச்சிருக்கலாம். அந்தக் கடையில தட்டுக்கா பஞ்சம்? சரி, இப்பவே போய் எனக்கு நீச்சல் தெரியாதுன்னு சொல்லிட்டு வா. அஞ்சு நிமிஷம் சிரிப்பாங்க.”

“அஞ்சு நிமிஷமா? இந்த ஊர்லயா? என் கல்லறைக் கல்லுலயே எழுதி வைப்பானுங்க.”

அவள் தட்டை அடுப்பில் வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.  முப்பது ஆண்டுத் திருமணத்தில் அவர்கள் நன்றாகப் பழகியிருந்தது ஒன்றாக உட்கார்ந்து பேசாமல் இருப்பதற்குத்தான்.

பேசாமல் இருந்தபோது அவர் நினைத்தது சென்ற ஆகஸ்டை. மூடிக்கிடக்கும் பழ டப்பாத் தொழிற்சாலைக்குக் கீழே இருக்கிற வரிசை வீடுகளைத்தான் கீழ்க்கரை என்போம். அங்கிருந்து வருகிற வில்யானா அவருடைய வகுப்பு, பத்து வயது. படகுக் கயிற்றில் தொங்கி விளையாடியபோது கைநழுவி விழுந்தாள். கரையில் அவர் மட்டும்தான் இருந்தார். காலணிகளைக் கழற்றினார். அவ்வளவுதான். காலணிகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று கத்தினார். கத்தல் கேட்டு வந்த ஒரு மீன்காரர் கொக்கிக் கம்பால் அவளை இழுத்துப் போட்டார். பெண் பிழைத்துவிட்டாள். வாத்தியார் சமயத்தில் குரல் கொடுத்தார் என்று ஊர் பாராட்டியது. தான் எவ்வளவு நேரம் காலணியோடு நின்றோம் என்பது அவருக்குத்தான் தெரியும். அந்த நேரம் அவருக்குள் இன்னும் முடியவில்லை.

ஊரின் மேல்பக்கத்தில் உள்ளரங்க நீச்சல் குளம் இருக்கிறது. கீழ்க்கரை வீடுகளில் அந்தக் கட்டணத்துக்கு ஒரு மாதம் ரொட்டி வாங்குவார்கள். நகராட்சிக்கு எழுதினார், அடுத்த ஆண்டு பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. முந்தின ஆண்டு வேறொன்றுக்கு வந்த கடிதமும் அதுவே. தேதியை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

மறுநாள் காலையில் நீச்சல் குளத்துக்குப் போனார். நுழைவுச்சீட்டுச் சாளரத்தில் ஸ்டாமெனின் மனைவி தோன்கா உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள்.

“தோன்கா, பிள்ளைங்களுக்கான சனிக்கிழமை நேரத்தை இன்னும் கொஞ்ச நாள் பிடிச்சு வைக்க முடியுமா?”

“பதினஞ்சாம் தேதி வரைக்கும்தான் வாத்தியாரே. அன்னிக்குள்ள பணம் கட்டலைன்னா, தண்ணிக்குள்ள நின்னு உடற்பயிற்சி பண்ற அம்மாக்களுக்குக் குடுத்துடுவோம். அவங்க இப்பவே துண்டோட வந்து நேரத்தைப் பார்த்துட்டுப் போறாங்க.”

கண்ணாடிக்கு அப்பால் நீலத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. மெத்தோடி அதைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்தினார்.

“சும்மா கேக்கிறேன். வயசான ஒருத்தரு நீச்சல் கத்துக்க எத்தனை நாளாகும்?”

“யாருக்கு?”

“என் தம்பிக்கு. சோஃபியாவில இருக்கான்.”

தோன்கா பின்னுவதை நிறுத்தி அவரை ஒரு கணம் பார்த்தாள். “ஒரு கோடைக்காலம் ஆகும். ஒரு வாரத்துல நடக்கிற காரியமில்ல. இப்படி நிறையப் பேரு கேக்கிறாங்க வாத்தியாரே. எல்லாருக்கும் சோஃபியாவில ஒரு தம்பி இருக்கான்.”

ஒரு கோடைக்காலம் அவரிடம் இல்லை. ஆகவே நேராகத் தேவாலயத்துக்குப் போனார்.

பாதிரியார் ஹரலாம்பி நல்லவர். மூக்கு நுனியில் கோபம். அவரிடம் ஒரு ரகசியம் இருந்தது. சிலுவை காணாமல் போய்விடக் கூடாது என்று அதில் தூண்டில் நரம்பு ஒன்றைக் கட்டி, மறுமுனையை அங்கியின் கைக்குள் வைத்துக்கொண்டுதான் வீசுவார். வீச்சும் சும்மா பெயருக்கு, கரையோரமாகவே.

“சாமி, பிள்ளைங்களுக்காகத்தான் கேக்கிறேன். சிலுவையைப் படிக்கட்டுப் பக்கமா, கொஞ்சம் கிட்டக்கப் போட முடியுமா? குனிஞ்சா எடுக்கிற மாதிரி.”

பாதிரியாரின் முகம் சிவந்தது.

“நீ எத்தனாவது ஆளு தெரியுமா? நாலாவது! ஒருத்தன் இடது பக்கம் போடுங்கங்கிறான். ஒருத்தன் வலது பக்கம்கிறான். ஒருத்தன், ‘தண்ணியில ஏன் சாமி போடணும், கையிலயே குடுத்துடுங்களேன்’ங்கிறான்! இது கர்த்தரோட சிலுவையா, கூடைப்பந்தா?”

“சாமி, நான் வந்தது—”

“யாருக்கும் கிட்டக்க இல்ல, யாருக்கும் தூரமும் இல்ல. இந்த வருஷம் நரம்பும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. கண்ணை மூடிக்கிட்டு, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து நடு ஆத்துக்கு வீசப்போறேன். யாருக்குன்னு கர்த்தர் பார்த்துக்கட்டும்.”

பாதிரியார் இளவயதில் குண்டு எறிதலில் மாவட்டப் பரிசு வாங்கியவர். இதை மெத்தோடி திரும்பி வரும் வழியில்தான் நினைத்துக்கொண்டார்.

இனி மிச்சமிருந்தது ஒரே வழி. ஸ்டாமெனைத் தனியாகப் பிடித்து, உண்மையைச் சொல்லி, “நீயே பிடித்து என்னிடம் கொடு” என்று கேட்டுவிடுவது. சிரித்தால் சிரிக்கட்டும். ஒருவன் சிரிப்பது ஊர் சிரிப்பதைவிட மேல்.

டயர்க்கடையில் ஸ்டாமென் ஒரு லாரியின் அடியிலிருந்து வெளியே வந்தான். வாத்தியாரைக் கண்டதும் அவன் முகம் என்னவோ போலானது.

“ஸ்டாமென், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு வந்து... இந்தத் தண்ணி விஷயத்துல...”

 ஸ்டாமென் கையைத் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான். வெளியே சாலையில் ஒரு நாய் போய், திரும்பி வந்தது.

“எனக்குப் புரியுது வாத்தியாரே” என்றான் கடைசியில்.

“புரியுதா?” மெத்தோடிக்கு உயிர் வந்தது.

“நான் நேத்து ராத்திரி முழுக்கத் தூங்கலை. இருபத்திநாலு பிள்ளைங்க. நான் அவங்களுக்குப் போட்டியா நிக்கிறதா? சிலுவை உங்களுக்குத்தான். நான் குறுக்க வர மாட்டேன்.”

“ஐயோ, இல்ல, நீ குதி! நீ குதிக்கணும்!”

“அதெல்லாம் பெருந்தன்மை வாத்தியாரே. உங்களுக்கு அது இருக்கு. எனக்கும் இருக்காதா?” ஸ்டாமென் எண்ணெய்க் கையால் அவர் கையைப் பிடித்து உலுக்கினான். “கவலைப்படாம போங்க. மத்தவங்ககிட்டயும் நானே பேசிக்கிறேன்.”

அவன் சொன்னபடியே பேசினான். அடுத்த சில நாட்கள் மெத்தோடி எங்கே போனாலும் பெருந்தன்மை அவரைத் துரத்தியது. ரொட்டிக்கடையில் நுழைந்தால் ரொட்டிக்காரன் மாவுக்கையோடு கட்டிப்பிடித்தான்: “நான் வழி விட்டுட்டேன் வாத்தியாரே.” தபால்காரன் சைக்கிளை நிறுத்தி இறங்கினான்: “ஒன்பது வருஷமாக் குதிக்கிறேன். பிள்ளைங்கன்னா அப்புறம் பேச்சே இல்ல.” “நீ குதிப்பா, சும்மா ஒரு போட்டிக்காவது” என்று கெஞ்சிப் பார்த்தார். ஒருவனும் அசையவில்லை. விட்டுக்கொடுப்பதில் இவ்வளவு உற்சாகத்தை அவர் இந்த ஊரில் அதற்கு முன் கண்டதில்லை. நிலத்தகராறில் ஒரு சாண் வேலியை விட்டுக்கொடுக்காதவர்கள்.

காய்ச்சலை வரவழைத்துக்கொள்ளலாம் என்று தொப்பியில்லாமல் இரண்டு நாள் பனிக்காற்றில் நடந்தார். பல ஆண்டுகளாக இருந்த சளிகூட அதில் சரியாகிவிட்டது.

ஐந்தாம் தேதி மாலை கீழ்க்கரைப் பிள்ளைகள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். பழைய படுக்கை விரிப்பில் பதாகை எழுதியிருந்தார்கள். ‘எங்கள் வாத்தியார் குதிக்கிறார்’ என்று நீல நிறத்தில். வில்யானா நடுவில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“எழுத்து சரியா இருக்கா வாத்தியாரே?”

“எல்லாம் சரியா இருக்கு” என்றார். கதவைச் சாத்திவிட்டு நடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“இப்பவாவது சொல்லிடு” என்றாள் பென்கா.

“அவங்ககிட்டயா?”

 பென்கா பன்றிக் கொழுப்பை எடுத்து வந்தாள். குளிர் ஏறாமல் இருக்க உடம்பில் தடவ வேண்டும் என்று யாரோ மருந்துக்கடையில் சொன்னார்களாம்.

ஆறாம் தேதி ஊரே படித்துறையில் கூடியிருந்தது. மெத்தோடி இந்த விழாவை ஒவ்வோர் ஆண்டும் கூட்டத்தின் பின்வரிசையில் நின்று பார்ப்பவர். தொப்பிகளுக்கு மேலே தெறிக்கும் தண்ணீரைத் தவிர எதையும் பார்த்ததில்லை. இப்போது முன்னால் நின்றார், கொழுப்பு மினுங்க. ஆறு வரும் வழியில், ஆஸ்திரியாப் பக்கம் மழை என்று செய்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆறு அகன்று, பழுப்பாக, அவசரமாக ஓடியது. படித்துறையில் மேலே இரண்டு மூன்று படிகள் மட்டும் வெளியே தெரிந்தன. தோற்பையை ஊதி இசைப்பவன் ஊதிக்கொண்டிருந்தான். பதினேழு பேரும் அரைக்கால் சட்டையில் வரிசையாக நின்று, ராக்கியா புட்டியைக் கைமாற்றினார்கள். ஒருவரும் தண்ணீரைப் பார்க்கவில்லை.

பாதிரியார் செபத்தை முடித்தார். கண்ணை மூடினார். தன்னைத்தானே ஒரு முறை சுற்றினார்.

சிலுவை பறந்தது. அப்படி ஒரு வீச்சை எங்கள் ஊர் பார்த்ததில்லை. படகுத்துறையைத் தாண்டி, கட்டிப்போட்டிருந்த படகுகளைத் தாண்டி, நல்ல ஓட்டத்தில் போய் விழுந்தது.

ஒருவரும் குதிக்கவில்லை.

பதினேழு பேரும் மெத்தோடியைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். ஸ்டாமென் ஒரு பக்கமாக ஒதுங்கி, கையை நீட்டி வழிகாட்டினான். “வாங்க வாத்தியாரே. முதல் மரியாதை உங்களுக்கு.”

மெத்தோடி ஒரு படி இறங்கினார். இன்னொரு படி. கால் இருந்த இடத்தில் இப்போது வலி மட்டும்தான் இருந்தது. இன்னும் இரண்டு படிகள். தண்ணீர் இடுப்புக்கு வந்து அவரை ஒரு பக்கமாகத் தள்ளியது. திரும்பிப் பார்த்தார். பதாகைக்கு மேலே வில்யானாவின் கண்கள் மட்டும் தெரிந்தன.

ஆகஸ்டில் நின்றேன், என்று நினைத்தார். இன்றைக்கும் நிற்க முடியாது.

அடுத்த படிக்குக் காலை எடுத்துவிட்டார். அங்கே படி இருந்ததா என்பது யாருக்கும் தெரியாது. ஏனென்றால் அந்த நொடியில் பின்னாலிருந்து ஒரு கை அவருடைய அரைக்கால் சட்டையின் இடுப்பு எலாஸ்டிக்கைப் பிடித்துவிட்டது. பென்கா, கோட்டோடும் பூட்ஸோடும் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள்.

“இவருக்கு முப்பத்தொன்பது டிகிரி காய்ச்சல்!” என்று ஊருக்குக் கேட்கும்படி கத்தினாள். “இந்த ஆளைத் தண்ணியில இறக்கினீங்க, ஒருத்தர் வீட்டுக்கும் இனிமே மருந்து கிடையாது!”

எலாஸ்டிக் எவ்வளவு தூரம் இழுபடும் என்பதை அன்றைக்கு ஊரே பார்த்தது. ஆனால் அவள் விடவில்லை. அவரைக் கரையில் போட்டுவிட்டுத்தான் விட்டாள்.

சிலுவை அதற்குள் ஒரு புள்ளியாகிவிட்டது.

“வேற யாராவது போங்கடா!” என்று பாதிரியார் அலறினார்.

பதினேழு பேரும் வானத்தைப் பார்த்தார்கள்.

“வாக்குக் குடுத்துட்டோம் சாமி” என்றான் ஸ்டாமென், தழுதழுத்த குரலில். “வாத்தியாருக்குன்னு விட்டது. இப்ப நாங்க தொட்டா அது நியாயமா?”

“வாக்குன்னா வாக்குதான்” என்றான் தபால்காரன். மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். பதினேழு பேர் ஒரே கருத்தில் இருந்ததைப் பார்த்து மெத்தோடிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இவர்களையா நான் குடிகாரர்கள் என்று நினைத்தேன்?

சிலுவை இல்லாத ஆண்டு. ஊருக்கு நோய்தான் வரும் என்று பெண்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். பிள்ளைகள் பதாகையைச் சுருட்டினார்கள். அதை மெத்தோடியால் பார்க்க முடியவில்லை. கம்பளிக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தார்.

அரை மணி நேரம் கழித்து எதிர்க்கரையிலிருந்து ஒரு மோட்டார் படகு வந்தது. அதிலிருந்து ஒரு ருமேனிய மீனவர் இறங்கினார். பெயர் கோஸ்திகா. தலைமுடி ஒன்றுகூட நனையவில்லை. ஒரு கையில் மீன் அள்ளும் வலை. மறு கையில் சிலுவை. அதில் இரண்டு மீன் செதில்கள் ஒட்டியிருந்தன.

“வலையில எடுத்தது செல்லுமா சாமி?” என்று யாரோ கேட்டார்கள்.

பாதிரியார் சிறிது யோசித்தார். “பேதுருவும் வலை போட்டவர்தான். செல்லும்.”

செல்லுமென்றால் முறைப்படி அவர்தான் வீடு வீடாகப் போக வேண்டும். கோஸ்திகாவுக்கு எங்கள் பேச்சு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. கையில் செப்புப் பாத்திரத்தைக் கொடுத்து, பதினேழு பேரும் அவரைச் சுற்றிக்கொண்டு ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். உலர்ந்த சட்டை மாட்டிக்கொண்டு மெத்தோடியும் பின்னால் போனார். அண்டை நாட்டுக்காரன் எதிரில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது என்று ஊர் முடிவு செய்துவிட்டது. “பக்கத்து வீட்டுக்காரி எவ்வளவு போட்டா?” என்று கேட்டுவிட்டு அதற்கு மேலேயே எல்லோரும் போட்டார்கள். நகராட்சி அலுவலகத்துக் காவலாளிகூடப் போட்டான். பாத்திரம் நிறைந்து, பிறகு ஸ்டாமெனின் தொப்பியும் நிறைந்தது.

மதுக்கடையில் எல்லாவற்றையும் கோஸ்திகாவின் முன்னால் மேசையில் கொட்டினார்கள். சிலுவை யார் கையிலோ, காசு அவன் இஷ்டம். 

மெத்தோடி எழுந்தார். தெரிந்த ருமேனிய வார்த்தைகளைக் கோத்துப் பார்த்தார். மலைகளின் பெயர்கள்தான் வந்தன. கடைசியில் கையைத் தரையிலிருந்து இவ்வளவு உயரம் என்று காட்டினார். இருபத்திநான்கு முறை காட்டினார். பிறகு நின்ற இடத்திலேயே காற்றில் கைகளை வீசி நீந்தினார். மூழ்குவதுபோல் காட்டினார். ஒரு கொக்கிக் கம்பால் இழுப்பதுபோல் காட்டினார். அதற்கு மேல் காட்ட முடியாமல் கையைத் தொங்கவிட்டு நின்றார்.

 கோஸ்திகா பையிலிருந்து கைபேசியை எடுத்து, ஒரு படத்தைக் காட்டினார். இரண்டு சிறுமிகள், படகில், பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு. பேத்திகள். அவர்களைக் காட்டினார், மெத்தோடியைப் போலவே காற்றில் நீந்தினார், புருவத்தை உயர்த்திக் கேள்வியாக்கினார்.

“அவங்களும் வரட்டும்! கட்டாயம் வரட்டும்!” என்று கத்தினார் மெத்தோடி. எந்த மொழியில் கத்தினார் என்பது அவருக்கே தெரியாது.

கோஸ்திகா குவியலை மேசைக்குக் குறுக்கே அவர் பக்கம் தள்ளினார். தனக்கென்று ஒரு புட்டி ராக்கியாவும் ஒரு சரம் தொத்திறைச்சியும் மட்டும் எடுத்துக்கொண்டார்.

அப்புறம் யார் யார் என்ன ஆனார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பணம் ஒன்பதாம் தேதியே கட்டப்பட்டது. அம்மாக்களின் உடற்பயிற்சி புதன்கிழமைக்கு மாறியது. கீழ்க்கரைப் பிள்ளைகள் இருபத்திநான்கு பேரும் மே மாதத்துக்குள் குளத்தின் நீளத்தை நீந்தினார்கள். வில்யானா நிற்காமல் நான்கு முறை. கோஸ்திகாவின் பேத்திகள் சனிக்கிழமைதோறும் படகில் வந்தார்கள். மூத்தவள் இப்போது எங்கள் மொழியில் நன்றாகவே திட்டுகிறாள். பாதிரியார் சிலுவைக்கு மறுபடியும் நரம்பு கட்டுகிறார், இந்த முறை இரட்டை நரம்பு. பென்கா அந்த அரைக்கால் சட்டையைத் தரை துடைக்கப் போட்டுவிட்டாள். ஸ்டாமென் டயர்க்கடையைத்தான் நடத்துகிறான். நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. அடுத்த ஆண்டு பரிசீலிக்கிறார்களாம்.

மெத்தோடியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதல் சனிக்கிழமைக்குத் திரும்பிப் போக வேண்டும்.

அன்று காலை பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, சாளரத்துக்குப் பக்கத்தில் அவர் தனியாக நின்றார். கண்ணாடிக்கு அப்பால் இருபத்தாறு தலைகள் தண்ணீரில் கூச்சலிட்டுக்கொண்டிருந்தன. மனம் நிறைந்திருந்தது. ஆனாலும் ஓர் ஓரத்தில் பழைய வெட்கம் இருக்கத்தான் செய்தது. இத்தனை ஆண்மக்கள் இருக்கிற ஊரில் தான் ஒருவன் மட்டும் இப்படி.

தோன்கா சாளரத்தின் வழியே ஒரு காகிதத்தை நீட்டினாள். வரிசையாகப் பெயர்கள். முதல் பெயர் ஸ்டாமென். அடுத்தது தபால்காரன். ரொட்டிக்காரனும் இருந்தான். மொத்தம் பதினேழு.

“என்ன தோன்கா இது?”

அவள் இருபுறமும் பார்த்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினாள்.

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க வாத்தியாரே. இவ்வளவு வருஷமா இவங்க அந்தப் படித்துறையில இடுப்பளவு தண்ணியில நின்னுதான் சிலுவையை எடுத்துக்கிட்டிருந்தாங்க, இந்த வருஷம் ஆறு ஏறினதும் எல்லாருக்கும் உயிரே போயிடுச்சு. ஊர்லயே நீச்சல் தெரிஞ்ச ஆம்பளை நீங்க ஒருத்தர்தானாம், அதனால நீங்களேதான் சொல்லிக்குடுக்கணுமாம்.”